வாயில்லா ஜீவனின் வாய்வலி

ஆடு, மாடு, நாய், பூனை எல்லாவற்றையும் ‘வாயில்லா ஜீவன்’ என்கிறோம். வலிக்கிறது என்று எடுத்துச்சொல்லத் தெரியாத உயிர் என்பதுதான் அதன் பொருள். அந்த வாய்க்குள்ளேயே நோய் வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கால் ஒடிந்த நாய் நொண்டும். தெருவில் போகிறவருக்கும் அது தெரியும். பல்லின் வேரில் சீழ் கோத்த நாயோ வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். வைத்த சோற்றைத் தின்னும். அதனால்தான், ‘மீட்டு வந்த நாய்க்கு அவசரமாகப் பல் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், பண உதவி தேவை’ என்ற வேண்டுகோள் கைப்பேசிக்கு வரும்போது பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. விபத்து என்றால் புரிகிறது, புற்றுநோய் என்றாலும் புரிகிறது. நாய்க்குப் பல் வைத்தியமா, அதற்கு ஊரெல்லாம் பணம் கேட்பதா என்று தோன்றுகிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மீட்கப்பட்ட நாயின் பல் சிகிச்சை, ஒருமுறை சரியாகச் செய்தால் பெரிய வலி ஒன்றை அடியோடு முடித்துவைக்கும் மருத்துவம். ஆகவே அதற்காகப் பொதுமக்களிடம் கேட்பது முறையானதே. அப்படிக் கேட்கிறவர், கொடுக்கிறவர் முன் வைக்க வேண்டியவை எக்ஸ்ரேயும் கணக்கும். கேட்கும் உரிமையையும் காட்டும் கடமையையும் பிரிக்க முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். குட்டிக்கு 28 பால்பற்கள். மனிதர்களைப் படுத்தும் சொத்தைப்பல் நாய்களுக்கு அபூர்வம். அவற்றின் உமிழ்நீரில் காரத்தன்மை கூடுதல். அது சொத்தையைக் குறைத்தாலும் பற்காரை படிவதற்கு வழி செய்கிறது. துலக்கிய பல்லின் மேலும் ஒரே நாளில் நுண்ணுயிர்ப் படலம் ஒன்று படிந்துவிடும். உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் அதில் சேர்ந்து, சில நாட்களில் அது கெட்டிக் காரையாக மாறும். கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் காரையைவிட, ஈறுக்கு அடியில் இறங்கிவிடும் படலம்தான் ஆபத்து. முதலில் ஈறு சிவந்து வீங்கும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் பல்லைப் பிடித்திருக்கும் தசைநார்களும் எலும்பும் கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்குக் குழிக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புச் சுவர்தான். அது கரைந்தால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே துளை விழுந்து, தின்பது மூக்குக்குள் போகும், ஓயாத தும்மலும் சளியும் வரும். சிறிய இன நாய்களில் கீழ்த்தாடை எலும்பு இளைத்துப்போய், லேசாக இடித்தாலே முறிவதும் உண்டு. மூன்று வயதைத் தாண்டிய பெரும்பாலான நாய்களுக்கு இந்த நோய் ஏதாவது ஓர் அளவில் இருக்கும் என்பது கால்நடைப் பல் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு.

வீட்டு நாய்க்கே இப்படியென்றால், மீட்கப்படும் நாயின் வாய் அதன் பழைய வாழ்க்கையின் பாதிப்புகளையும் சேர்த்துச் சுமக்கிறது. குட்டியாக இருக்கும்போது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாய்களுக்கு, பல்லின் எனாமல் சரியாக உருவாகாமல் குழி குழியாக இருக்கும். அந்தப் பல் சீக்கிரம் தேயும், உடையும். கல்லையும் எலும்பையும் கடித்துப் பழகியவை, கூண்டுக் கம்பியைக் கடித்தே காலம் கழித்தவை எல்லாவற்றுக்கும் பற்கள் நரம்பு தெரியுமளவு தேய்ந்திருக்கும். குட்டி விற்பவர்கள் ஈனவைத்து ஈனவைத்துக் கடைசியில் தெருவில் விட்டுவிடும் பொமரேனியன், ஷிட்சு போன்ற சிறிய இனங்களில், சின்னத் தாடைக்குள் பற்கள் நெருக்கியடித்து முளைத்து, இடுக்கெல்லாம் அழுக்கு சேர்ந்திருக்கும். வண்டியில் அடிபட்ட நாய்க்குத் தாடை முறிந்திருக்கலாம். மேல்தாடையில் இறைச்சியை வெட்டும் பெரிய பல் ஒன்று உண்டு; அதற்கு மூன்று வேர்கள். அது பிளந்து வேரில் சீழ் வைத்தால் கண்ணுக்குக் கீழே வீங்கும், சில சமயம் உடைந்து வழியும். கண்நோய் என்றோ சாதாரணப் புண் என்றோ நினைத்து மருந்து போடுகிறார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் வீக்கம் வற்றும். மருந்தை நிறுத்தினால் மறுபடி வரும். கெட்ட வேர் உள்ளேயே இருக்கும்வரை அது திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும்.

பல வருடப் பழைய நோய்க்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். நோய் பழையதாக இருக்கலாம். சீழ் கட்டுவதும், தாடை முறிவதும், நரம்பு திறந்துகொள்வதும் காத்திருக்கக்கூடியவை அல்ல. நாயின் பல்லுக்குள்ளும் மனிதப் பல்லில் இருப்பதுபோலவே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கின்றன. இரவெல்லாம் பல்வலியில் தூங்காமல் கிடந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் தின்கிறதே, வலித்தால் தின்னுமா என்பதுதான் வழக்கமான கேள்வி. தின்னும். பசி வலியைவிடப் பெரியது. நாய் அவ்வளவாக மென்று தின்கிற பிராணியும் இல்லை, அள்ளி விழுங்கிவிடும். வலிக்கான அடையாளங்கள் சின்னச் சின்னவை: ஒரு பக்கமாகவே கடிப்பது, வாயிலெடுத்ததைக் கீழே போடுவது, ரத்தம் கலந்து எச்சில் வடிப்பது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, தாங்க முடியாத வாய்நாற்றம். இவற்றோடு இன்னொன்று, தலையைத் தொடப்போனால் சீறுவது. முகத்தில் கை பட்டாலே உயிர் போகும் வலியிருக்கும் நாய் கடிக்கத்தான் வரும். உடனே ‘கடிநாய்’ என்று பெயர் விழுகிறது; அந்தப் பெயர் விழுந்த நாயை யாரும் தத்தெடுப்பதில்லை. அதன் பல்லைக் கவனிக்காமல் விட்டால், வலியோடு ஒரு வீடு கிடைக்கும் வாய்ப்பும் போகிறது.

இனி, செலவு ஏன் கூடுகிறது என்று பார்ப்போம். மனிதர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து காட்டுவார். நாயின் ஈறுக்கு அடியில் கருவியைவிட்டுச் சுத்தம் செய்யவோ, எக்ஸ்ரே எடுக்கவோ, பல்லைப் பிடுங்கவோ முழு மயக்கம் தேவை. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, நரம்பு வழியாகத் திரவம், வாயிலுள்ள நீரும் காரைத் துகளும் நுரையீரலுக்குள் இறங்காதபடி மூச்சுக்குழாயில் பொருத்தும் குழாய், இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் விடாமல் கண்காணிக்க ஓர் ஆள் என ஒவ்வொன்றும் பட்டியலில் சேர்கிறது. ரத்தப் பரிசோதனை நம் ஊரில் இன்னும் முக்கியம். இங்கே சர்வசாதாரணமான உண்ணிக் காய்ச்சல் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும், அது தெரியாமல் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. பல வேருள்ள பல்லை அப்படியே இழுத்தெடுக்க முடியாது. ஈறைக் கீறி விலக்கி, கொஞ்சம் எலும்பை நீக்கி, பல்லைத் துண்டுகளாக அறுத்து, வேர் வேராக எடுத்து, தானே கரையும் நூலால் தைக்க வேண்டும். மயக்கமில்லாமல் சுரண்டிவிடும் மலிவான வழி ஒன்றைச் சிலர் விற்கிறார்கள். உலகச் சிறுபிராணிக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் பல் சிகிச்சை வழிகாட்டி அதை ஏற்பதில்லை. மேலே பளபளப்பு வரும், அடியில் நோய் அப்படியே இருக்கும் என்பதே காரணம்.

பல் சிகிச்சைக்கு நிதி திரட்டுவதில் உள்ள தனிச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கால் எலும்பு முறிவு என்றால் சிகிச்சைக்கு முன்பே எக்ஸ்ரே எடுத்து ஏறக்குறைய இவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடலாம். வாயில் எத்தனை பல் போக வேண்டும் என்பது, நாய் மயங்கிய பிறகு எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்றில், கண்ணால் பார்த்துக் குறையேதும் காணாத நாய்களிலும் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் எக்ஸ்ரே முக்கியமான நோயைக் காட்டியது. ஆகவே மூன்று பல் என்று சொல்லிப் பத்துப் பல் எடுத்தால், அதற்கேற்பப் பில் கூடினால், அதை உடனே மோசடி என்று நினைக்க வேண்டியதில்லை. இதை முன்பே சொல்லாமல், ஒரே தொகையைப் போட்டுவிட்டுப் பிறகு ‘இன்னும் வேண்டும்’ என்று கேட்டால்தான் கொடுத்தவர் மனம் கசக்கும். குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு, இந்த இடைவெளி ஏன் என்று முதல் வேண்டுகோளிலேயே எழுதுவதுதான் சரி. மிஞ்சினால் எங்கே போகும் என்பதையும் அப்போதே எழுத வேண்டும்.

கிழட்டு நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து ஆபத்தை வரவழைக்கலாமா என்பது அக்கறையோடு எழும் ஆட்சேபம். 98,000க்கும் மேற்பட்ட நாய்களைக் கணக்கிலெடுத்து 2008இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று இதற்கு எண்களில் பதில் தருகிறது. மயக்கமோ அரைமயக்கமோ கொடுத்த நாய்களில் அதன் தொடர்பாக இறந்தவை 0.17 சதவீதம், அதாவது பத்தாயிரத்துக்குப் பதினேழு. ஆரோக்கியமானவற்றில் 0.05 சதவீதம், ஏற்கெனவே நோயுற்றவற்றில் 1.33 சதவீதம். மீட்கப்பட்ட நாய் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் வரும், ஆகவே ஆபத்து இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் இந்த இடைவெளியே, ரத்தப் பரிசோதனைக்கும் கண்காணிப்புக்கும் ஆகும் செலவு ஏன் வீண் இல்லை என்பதற்குச் சான்று. முதலில் காய்ச்சலைக் குணமாக்கி, உடம்பைத் தேற்றி, பிறகு அறுவை சிகிச்சை செய்வதால் ஆபத்து குறைகிறது. மறுபக்கத் தட்டில், சிகிச்சையே செய்யாவிட்டால் நாள்தோறும் தொடரும் வலி இருக்கிறது. அந்த வலியையும் சேர்த்து நிறுத்தால்தான் முடிவு நேர்மையாக இருக்கும்.

காட்டில் ஓநாய்க்கு யார் பல் பிடுங்குகிறார்கள், இயற்கை பார்த்துக்கொள்ளாதா என்று இன்னொரு கேள்வி. இயற்கை பார்த்துக்கொள்வதில்லை. வேட்டை விலங்குகளின் மண்டையோடுகளை ஆராய்ந்தவர்கள் அவற்றில் உடைந்த பற்களைச் சாதாரணமாகவே கண்டிருக்கிறார்கள். காட்டு விலங்கும் அந்த வலியை அனுபவித்தது. உதவிக்கு யாருமில்லை, அவ்வளவுதான். நாயோ பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரை ஒட்டி வாழும் உயிர். அதன் சின்னத் தாடையை நம் விருப்பத்துக்கு உருவாக்கியதும், குட்டி வியாபாரம் செய்ததும், வேண்டாமென்றதும் தெருவில் விட்டதும் மனிதர்கள். நாம் ஆக்கிவைத்த நிலைமைக்கு இயற்கையைப் பொறுப்பாக்க முடியாது.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் இதுதான்: மனிதக் குழந்தைகள் சிகிச்சைக்குப் பணமில்லாமல் தவிக்கும்போது நாயின் பல்லுக்குப் பணமா? இதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. ஒரு படமும் ஒரு பெயரும் நம் கையை எப்படித் திறக்கின்றன என்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பட்டினியின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட, ஒரே ஒரு சிறுமியின் கதையைப் படித்தவர்கள் இருமடங்குக்கு மேல் கொடுத்தார்கள். நாயின் படமும் அதே வழியில்தான் மனதைத் தொடுகிறது. அந்தச் சக்தியைத் தவறாகவும் பயன்படுத்தலாம். ஆனால் கொடை ஒரே குடத்துத் தண்ணீர் இல்லை. நாய்க்கு நூறு ரூபாய் கொடுக்காதவர் அதே நூறைக் குழந்தைக்குத்தான் கொடுப்பார் என்பதற்கு ஆதாரமில்லை. ஒரு வலியைப் பார்த்து இரங்கப் பழகிய மனம் மற்றொரு வலியைக் கண்டால் கல்லாகிவிடும் என்று நினைக்கவும் காரணமில்லை. தன் வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்தி நாய்க்குக் கொடுங்கள் என்று யாராவது வற்புறுத்தினால் அது தவறு. முடிந்தவர் முடிந்ததைக் கொடுப்பதில் தவறில்லை.

இதே பணத்தில் சில நாய்களுக்குக் கருத்தடை செய்யலாமே என்று விலங்குநல ஊழியர்களே கேட்பதுண்டு. சென்னையில் மட்டும் 2024 கணக்கெடுப்பின்படி சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருக்கின்றன. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும்தான் ஊருக்கும் நாய்களுக்கும் பெரிய பயன் தருபவை, சந்தேகமே இல்லை. 2023இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அவற்றை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் வைத்திருக்கின்றன. அவற்றுக்கான நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூடப் பல் சிகிச்சைக்குப் போகக்கூடாது. அதனால்தான் தனி வேண்டுகோள், தனிக் கணக்கு தேவைப்படுகிறது. கருத்தடைக்காக மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயை ஒரு நிமிடம் திறந்து பார்த்து, நிலையைக் குறித்துவைத்தால் போதும். முற்றிய நோய்கள் பலவற்றை முன்பே கண்டுபிடிக்கலாம். அதற்குத் தனிச் செலவு இல்லை.

மீட்டவரே செலவையும் ஏற்கட்டும், வசதியில்லாதவர் ஏன் மீட்க வேண்டும் என்பவர்களும் உண்டு. தன் வீட்டுக்கென்று நாய் வாங்கியவரிடம் அப்படிக் கேட்கலாம். தெருவில் கிடந்ததைத் தூக்கி வந்தவர், ஊர் மொத்தமும் தாண்டிப்போன ஒரு வேலையைச் செய்தவர். நம் அரசியல் சாசனத்தின் 51ஏ(ஜி) பிரிவு, உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவதைக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் அடிப்படைக் கடமையாக வைக்கிறது. எல்லோருக்கும் பொதுவான கடமையை ஒருவர் முன்னால் நின்று செய்யும்போது, செலவைப் பங்கிடக் கேட்பது பிச்சை ஆகாது. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் பொதுமக்களின் நன்கொடையால் வளர்ந்த அமைப்பு. கைவிடப்பட்ட, காயமடைந்த விலங்குகளைப் பேணும் அமைப்புகளுக்கு உதவ ‘வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள்’ என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. 1903இல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற அரசு இடங்களில் கட்டணம் குறைவு. நிதி கேட்கும் முன் அங்கே விசாரித்தீர்களா என்று கேட்க நன்கொடையாளருக்கு உரிமை உண்டு. வரிசை நீளம், காத்திருக்க நேரமில்லை என்றால், அந்தக் காரணத்தையும் வேண்டுகோளில் எழுதிவிடலாம்.

கடைசியாக நம்பிக்கையின் பிரச்சினை. பழைய படத்தைப் போட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் நியாயமாகக் கேட்கிறவரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார். இதற்கு மருந்து, வேண்டுகோளை மருத்துவக் குறிப்புபோல எழுதுவது. நாயின் வயது, எடை, மருத்துவர் கண்டது என்ன, எந்தப் பல், சிகிச்சை தள்ளிப்போனால் என்ன ஆகும், மருத்துவமனை முத்திரையோடு கொடுத்த எஸ்டிமேட், இதுவரை சேர்ந்தது, இன்னும் வேண்டியது ஆகியவை ஒரு பக்கத்தில் அடங்கும். ரத்தம் ஒழுகும் வாயின் படத்தைவிட எக்ஸ்ரே படம் நேர்மையானது. அது பார்ப்பவரைப் பதறவைக்காமல் புரியவைக்கிறது. முடிந்தவரை பணம் மருத்துவமனைக் கணக்குக்கே நேராகப் போகட்டும். பதிவுபெற்ற அறக்கட்டளை வழியாக வாங்கினால் ரசீது தர வேண்டும். 80ஜி அங்கீகாரமுள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான் வருமான வரிச் சலுகை. அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. தனிநபரின் கணக்குக்குப் போடும் பணத்துக்கும் கிடையாது. வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி அனுமதி வேண்டும். உறவுக்காரர் நண்பர் என்று கடல்கடந்தும் வேண்டுகோள் பரவும் காலத்தில் இதை மறந்துவிடக்கூடாது.

கேட்கக்கூடாத நேரமும் உண்டு. வாயில் வந்தது மெலனோமா என்ற கொடிய புற்று, அது நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்தால், பெரிய அறுவைக்கு நிதி திரட்டுவது நாய்க்கும் நல்லதில்லை, கொடுப்பவருக்கும் நியாயமில்லை. அங்கே வலிநிவாரணமும் அமைதியான கடைசி நாட்களும்தான் மருத்துவம். வேண்டுமானால் அதற்குக் கேட்கலாம். இந்த எல்லையை ஒப்புக்கொள்வதால் பல் சிகிச்சைக்கான வாதம் வலுக்கிறது. ஏனென்றால் வேரோடு எடுத்த பல் மறுபடி வலிப்பதில்லை. ஈறு ஆறப் பெரும்பாலும் இரண்டு வாரம் போதும். ‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நமக்கு. நாய்க்குப் பல் எல்லாமே போனாலும் குழைத்த சோற்றைத் தின்று நன்றாக வாழும். ஆயுள் முழுக்க மருந்து வேண்டிய நோய்கள் எத்தனையோ இருக்க, ஒரே நாளில் வலியின் மூலத்தை எடுத்துவிடக்கூடிய சிகிச்சைகளில் இது ஒன்று. பிறகு மிச்சமிருக்கும் பற்களுக்குத் தினமும் துலக்குதல் வேண்டும். மனிதர் பற்பசை கூடாது. அதில் இருக்கக்கூடிய சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.

நிதி இலக்கை எட்டியதும் பல வேண்டுகோள்கள் மௌனமாகிவிடுகின்றன. உண்மையில் பாதி வேலை அப்போதுதான் தொடங்குகிறது. எத்தனை பல் எடுத்தார்கள், பில் எவ்வளவு, மீதி எங்கே போனது, இரண்டு வாரம் கழித்து நாய் எப்படி இருக்கிறது என்பதைக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும்; ஐம்பது ரூபாய் அனுப்பியவருக்கும்தான். சிகிச்சைக்குப் பின் நாய் பிழைக்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனக்கு வலித்தது என்றும், இப்போது வலி நின்றது என்றும் அந்த நாயால் யாரிடமும் சொல்ல முடியாது. முதல் பாதியைச் சொல்லி நம்மிடம் பணம் வாங்கியவர்தான் இரண்டாம் பாதியையும் சொல்லக் கடமைப்பட்டவர். அதைச் சொல்லி முடிக்கும்போதுதான், வாயில்லாத ஒன்றுக்காகப் பேசிய வாயை அடுத்த முறையும் ஊர் நம்பும்.